வீட்டுப் பத்திரமும் இரண்டு ஆஃபர் லெட்டர்களும்

2022 ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் விளாங்குடியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் கையில் அளவு டேப்பும் ஒரு அட்டையும் இருந்தன. டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒரு பையனும் கூட வந்திருந்தான். முன்னறைச் சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். மாடிப்படிக்குக் கீழே இருந்த ஈரக்கசிவைக் குனிந்து பார்த்து ஏதோ குறித்துக் கொண்டார். பிறகு தெருவில் இறங்கி நின்று வீட்டின் முகப்பைக் கைபேசியில் படமெடுத்தார். திண்ணையில் வெற்றிலை இடித்துக் கொண்டிருந்த அப்பத்தா கையை நிறுத்திவிட்டு, "ஏத்தா, வீட்ட விக்கவா போறீக?" என்று என்னைக் கேட்டார். என் படிப்புக்காக அடமானம் வைக்கப் போகிறோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மாதான் அடுப்படியிலிருந்து, "சும்மா அளந்து பாக்குறாக அத்தே" என்று சொல்லிச் சமாளித்தார்.

அப்போது என் கையில் இரண்டு ஆஃபர் லெட்டர்கள் இருந்தன. ஒன்று இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள, உலகத் தரவரிசைப் பட்டியல்களில் முதல் நூறு இடங்களுக்குள் வந்துவிடுகிற ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது, ஓராண்டு எம்.எஸ்சி. மற்றொன்று ஜெர்மனியில் எல்பே ஆற்றங்கரையில் உள்ள மாக்டபர்க் நகரின் ஆட்டோ வான் கெரிக் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. வேதி மற்றும் ஆற்றல் பொறியியலில் ஆங்கிலவழி முதுகலை, நான்கு செமஸ்டர். மதுரைக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் கெமிக்கல் முடித்து, ஒன்றரை வருடம் கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்துவிட்டு, அடுத்து என்ன என்று நின்றுகொண்டிருந்த எனக்கு இரண்டுமே பெரிய விஷயங்கள்தாம். ஆனால் வீட்டில் இரண்டுக்கும் கிடைத்த மரியாதை ஒன்றாக இல்லை.

இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னதும் உறவினர்களில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அந்த ஊரின் கால்பந்துக் குழுவையாவது வீட்டுப் பையன்களுக்குத் தெரிந்திருந்தது. மாக்டபர்க் என்ற பெயரை ஒன்றுவிட்ட பெரியப்பா இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பத்திரிகையில போட்டா நாலு பேருக்குத் தெரியணும்ல?" என்றார். அவர் சொன்னது கல்யாணப் பத்திரிகையை. மணமகள் பெயருக்குக் கீழே பட்டத்தையும் அடைப்புக்குறிக்குள் நாட்டையும் அச்சடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம்; அந்த ஒரு வரிக்காக எத்தனை லட்சம் செலவாகிறது என்பதை யாரும் பத்திரிகையில் போடுவதில்லை. எங்கள் தெருவில் மாக்டபர்க்கைத் தெரிந்திருந்தவர் ஒரே ஒருவர்தான்: எதிர் வீட்டில் இருந்த, ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர். இரண்டு செம்பு அரைக்கோளங்களைச் சேர்த்து வைத்து, உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, இருபுறமும் குதிரைகளைப் பூட்டி இழுத்தும் பிரிக்க முடியாமல் போன பதினேழாம் நூற்றாண்டுச் சோதனையை நாங்கள் எல்லோருமே பள்ளியில் படித்திருக்கிறோம். அதைச் செய்து காட்டிய கெரிக் அந்த ஊரின் மேயராக இருந்தவர் என்பதை அவர் நினைவுபடுத்திய பிறகுதான் அந்தப் பெயர் எனக்கே கொஞ்சம் நெருக்கமானது.

கே.கே. நகரில் நான் போய்க்கொண்டிருந்த வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை மையத்தில் என்னை இங்கிலாந்து பக்கமே தள்ளினார்கள். அதற்குக் கட்டணம் எதுவும் வாங்கவில்லை. ஜெர்மனிக்கு விண்ணப்பிக்க உதவ வேண்டும் என்றால் மட்டும் முப்பதாயிரத்துச் சொச்சம் கேட்டார்கள். இங்கிலாந்து இலவசமாகவும் ஜெர்மனி காசுக்காகவும் ஏன் இருக்கிறது என்று யோசிக்க எனக்கு இரண்டு மாதங்கள் ஆயின. இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் பலவும் தங்களுக்கு மாணவரைச் சேர்த்துவிடும் முகவருக்குக் கமிஷன் தருகின்றன. கல்விக் கட்டணமே வாங்காத ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகம் எதை எடுத்துக் கமிஷன் கொடுக்கும்? இதைத் தெரிந்துகொண்ட பிறகு அவர்கள்மீது எனக்குக் கோபம் வரவில்லை. அது அவர்கள் பிழைப்பு. ஆனால் ஆலோசனை சொல்கிறவருக்குக் கூலி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால், அந்த இரண்டு மாதங்களில் நானே விண்ணப்பங்களைப் போட்டு முடித்திருப்பேன். கடைசியில் ஜெர்மனிக்கு நானேதான் போட்டேன். ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கும் வெளிநாட்டு மாணவர்களின் விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் தளத்தில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோவும் அடுத்து வரும் ஒவ்வொன்றுக்கும் 30 யூரோவும் கட்டினேன்.

தரவரிசையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த எண்ணை மந்திரம் போல நான் நம்பியிருந்தேன். எல்லோரும் மேற்கோள் காட்டும் க்யூ.எஸ். பட்டியலில் அந்த ஆண்டு மொத்த மதிப்பெண்ணில் 40 சதவீதம், பிற பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்களிடம் நடத்தும் கருத்துக்கேட்பிலிருந்து வந்தது. வேலை கொடுப்பவர்களின் கருத்துக்கு 10 சதவீதம் மட்டுமே. பிறகு இந்த அளவுகளை 30, 15 என்று மாற்றினார்கள். ஒரு நிறுவனத்தின் ஆராய்ச்சிப் புகழை அளக்க அது உதவும். ஓராண்டு முதுகலைக்கு வந்து போகும் ஒரு மாணவிக்கு ஆய்வகத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கும், பயிற்சிக்கு எந்த ஆலை எடுத்துக்கொள்ளும் என்பதை அந்த எண் சொல்லாது.

அப்பா அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து அந்த வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தார். அவரிடம் தொழிற்சங்கம் கொடுத்த டைரி ஒன்று எப்போதும் இருக்கும். அதில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் இங்கிலாந்து, வலப்பக்கம் ஜெர்மனி என்று எழுதச் சொன்னார். பணிமனையில் ஒவ்வொரு பேருந்துக்கும் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கே.எம்.பி.எல். கணக்கு எழுதுவார்கள், அந்த எண் இறங்கினால் ஓட்டுநரையும் கேட்பார்கள், மெக்கானிக்கையும் கேட்பார்கள். "வண்டி புதுசா பழசான்றத விடு பாப்பா, லிட்டருக்கு என்ன குடுக்குதுன்னு எழுது" என்றார்.

இடப்பக்கம் இப்படி நிரம்பியது. கல்விக் கட்டணம் 28,000 பவுண்டு. விசாவுக்குக் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவு, லண்டனுக்கு வெளியே மாதம் 1,023 பவுண்டு வீதம் ஒன்பது மாதங்களுக்கு 9,207 பவுண்டு. விசா கட்டணம் 363. சுகாதாரக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 470 வீதம் ஒன்றரை ஆண்டுக் கணக்கில் 705. பவுண்டு அப்போது சுமார் 96 ரூபாயாக இருந்ததால் எல்லாம் சேர்த்து 36 லட்சத்து 75 ஆயிரம் வந்தது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. விசா விதி ஒன்பது மாதச் செலவைத்தான் கேட்கிறது. படிப்போ பன்னிரண்டு மாதம். மீதி மூன்று மாதங்களுக்கும் அறை வாடகையும் அரிசியும் வேண்டும் அல்லவா? அதையும் விமான டிக்கெட்டையும் சேர்த்தபோது கணக்கு 40 லட்சத்தைத் தாண்டியது.

வலப்பக்கத்தில் கல்விக் கட்டணத்துக்கு நேரே அப்பா ஒரு சுழியம் போட்டுவிட்டு, நம்பாமல் என் முகத்தைப் பார்த்தார். செமஸ்டருக்குச் சில நூறு யூரோ பங்களிப்புத் தொகை உண்டு. அதைவிடப் பெரியது பிளாக்டு அக்கவுண்ட்: ஓராண்டு வாழ்க்கைச் செலவை முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டுவிட வேண்டும், அங்கே போன பிறகு மாதாமாதம் பிரித்துத் தருவார்கள். அந்த வருடம் அது 10,332 யூரோ, மாதம் 861. யூரோ 80 ரூபாய்க் கணக்கில் எட்டேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். டிக்கெட்டும் குளிர் உடைகளும் விசாவும் சேர்த்துப் பத்து லட்சம் இருந்தால் விமானம் ஏறலாம். இரண்டாம் ஆண்டுக்கு அனுமதியைப் புதுப்பிக்கும்போது பணம் இருப்பதை மறுபடியும் காட்ட வேண்டும் என்பதால், அங்கே ஒரு பைசாவும் சம்பாதிக்காவிட்டால் மொத்தம் 19 லட்சம் என்று கீழே எழுதினோம். இப்போது போகிறவர்கள் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது: பிளாக்டு அக்கவுண்ட் தொகை 2024 செப்டம்பரிலிருந்து 11,904 யூரோ, 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு, நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் கட்டாயமாகி, அதற்கு 18,000 ரூபாய் தனியாகக் கட்ட வேண்டியிருக்கிறது.

இவ்வளவையும் எழுதிய பிறகும் நான் இங்கிலாந்தையே விரும்பினேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஓராண்டில் முடிந்துவிடும், ஆங்கில நாடு, படித்த பிறகு இரண்டு ஆண்டுகள் தங்கி வேலை தேடலாம், நல்ல சம்பளத்தில் கடனை அடைத்துவிடலாம் என்று எல்லாரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். அதனால்தான் 30 லட்சம் கடனுக்கு ஒரு பொதுத்துறை வங்கியில் விண்ணப்பித்து, மதிப்பீட்டாளர் வீட்டை அளக்கும் வரை விஷயம் போனது. வட்டி பத்தரை சதவீதம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பதைக் கேட்டதும் நான் நிம்மதியடைந்தேன். அந்த இரண்டு ஆண்டுகளிலும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பதை அப்பாதான் டைரியில் எழுதினார். ஆறு லட்சத்து முப்பதாயிரம் வட்டி அசலோடு சேர, 36 லட்சத்து 30 ஆயிரத்துக்குப் பத்து ஆண்டுத் தவணை மாதம் சுமார் 49,000 ரூபாய். பதினைந்து ஆண்டாக நீட்டினாலும் 40,000. அப்பாவின் ஓய்வூதியம் 24,000. இந்த இரண்டு எண்களும் ஒரே பக்கத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. கட்டும் வட்டிக்கு வருமான வரியில் 80-இ பிரிவின்படி கழிவு உண்டு என்று வங்கியில் உற்சாகமாகச் சொன்னார்கள். இந்தியாவில் வரி கட்டுகிற அளவுக்கு வருமானம் இருப்பவருக்குத்தான் அதனால் பயன்.

ஆனாலும் முடிவைத் திருப்பியது தவணைக் கணக்கு அல்ல. வங்கியின் வழக்கறிஞர் லீகல் பார்ப்பதற்காக மூலப் பத்திரத்தையும் முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றையும் கேட்டார். அப்பா பீரோவின் அடித்தட்டிலிருந்து, பாச்சா உருண்டை வாடை அடிக்கும் துணிப்பையை எடுத்து வந்தார். மனை தாத்தா பெயரில் வாங்கியது. வீடு கட்டியது அப்பா. தாத்தா உயில் எழுதாமல் இறந்திருந்தார். வழக்கறிஞர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அம்மா இருக்காங்களா? கூடப் பொறந்தவங்க எத்தன பேரு?" என்று கேட்டார். அப்பத்தாவும் இரண்டு அத்தைகளும் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் வங்கி அந்த வீட்டை ஈடாக ஏற்கும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்.

அத்தைகள் போட மாட்டேன் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். திருமங்கலத்து அத்தை கேட்ட அன்றே பேருந்து ஏறி வந்திருப்பார். அப்பா கேட்கவே விரும்பவில்லை, அவ்வளவுதான். தங்கச்சிமார் பங்கை எழுதி வாங்கி, அதை மகளின் பெயரில் அடமானம் வைத்து, அந்த மகளுக்கு அங்கே வேலை கிடைக்காமல் போனால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை; பத்திரத்தை மடித்துப் பையில் வைத்த விதத்திலேயே எனக்குப் புரிந்தது. இரவு மொட்டை மாடியில் படுத்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது: புகழ்பெற்ற பல்கலைக்கழகமா, கட்டுப்படியாகும் பல்கலைக்கழகமா என்று அதுவரை நான் போட்ட கணக்கெல்லாம் எல்லாம் சரியாக நடந்தால் என்ன கிடைக்கும் என்பதைப் பற்றியது. சரியாக நடக்காவிட்டால் இழப்பு யார் தலையில் விழும் என்ற பக்கத்தை நான் திருப்பியே பார்க்கவில்லை. ஜெர்மனியில் தோற்றால் எனக்கு இரண்டு வருடமும் ஒரு சிறிய கடனும் போகும். இங்கிலாந்தில் தோற்றால், வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் அப்பத்தாவுக்குத் திண்ணை போகும்.

மறுநாள் இங்கிலாந்து இடத்தை வேண்டாம் என்று எழுதினேன். இடத்தை உறுதி செய்யக் கேட்ட 4,000 பவுண்டு முன்பணத்தை நான் அதுவரை கட்டாமல் வைத்திருந்தது தற்செயலான நல்லது. கெடு முடிகிறது, இன்றைக்கே கட்டுங்கள் என்று ஆலோசனை மையத்திலிருந்து தினமும் அழைத்துக்கொண்டிருந்தார்கள். விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லும் நிபந்தனைகள், நீங்களே மனம் மாறினால் என்ன ஆகும் என்பதை வேறொரு பத்தியில் சொல்லும். இரண்டையும் படித்த பிறகே கட்ட வேண்டும். லீகலுக்கும் மதிப்பீட்டுக்கும் கொடுத்த பன்னிரண்டாயிரம் போனது போனதுதான். ஜெர்மனிக்கு ஏழரை லட்சம் கடன் வாங்கினோம். அந்த அளவு வரை ஈடு தேவைப்படவில்லை, அப்பா இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டார். மீதிக்கு அவருடைய ஓய்வுப் பணத்திலிருந்து எடுத்தோம்.

இதைப் படிக்கிறவர் மலிவானதைத் தேர்ந்தெடுத்ததும் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. கட்டணம் இல்லாத படிப்புக்கு வேறு விலைகள் உண்டு, அவற்றை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. மாதம் வந்த 861 யூரோவில் விடுதி அறைக்கு 270, மருத்துவக் காப்பீட்டுக்கு 120 அளவில் முதல் வாரத்திலேயே போய்விடும். ஜெர்மன் தெரியாததால் முதல் எட்டு மாதங்கள் ஒரு கடையில்கூட வேலை கிடைக்கவில்லை. பிறகு விடுமுறையில் பார்சல் கிடங்கில் இரவு வேலை, மூன்றாம் செமஸ்டரில்தான் ஓர் ஆய்வகத்தில் மாணவர் உதவியாளர் வேலை. அங்கே பெரும்பாலான படிப்புகளில் ஒரு தேர்வை எழுத மூன்று வாய்ப்புகள்தாம். மூன்றாவதிலும் தவறினால் அந்தப் படிப்பிலிருந்தே வெளியேற்றிவிடுவார்கள். நம் ஊரைப் போல அரியர் வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது. எனக்கு ஒரு பாடம் இரண்டு முறை போனது. மூன்றாவது தேர்வுக்கு முந்தைய இரவு, வீட்டுக்கு அழைத்து வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயந்து, அழைக்காமலே இருந்தேன். தேறிவிட்டேன். ஆனால் அதனால் ஒரு செமஸ்டர் கூடியது, அதாவது ஐயாயிரம் யூரோ கூடியது. ஜெர்மனிக் கணக்குப் போடும்போது நான்கு செமஸ்டருக்குப் பதிலாக ஐந்து அல்லது ஆறு என்று எழுதிக்கொள்வதே நேர்மையான கணக்கு.

எல்லாவற்றையும்விடப் பெரிய விலை மொழி. ஆங்கிலவழிப் படிப்பு என்று எழுதியிருந்ததை, ஆங்கிலத்திலேயே வாழ்ந்துவிடலாம் என்று படித்துக்கொண்டேன். ஜெர்மனில் தொடக்க நிலையான ஏ1 அளவுக்கு மட்டும் கற்று விமானம் ஏறினேன். மாக்டபர்க்கிலிருந்து தெற்கே போனால் லோய்னா, பிட்டர்ஃபெல்ட், ஷ்கோப்பாவ் என்று பழைய ரசாயனத் தொழிற்பேட்டைகள் வரிசையாக இருக்கின்றன. என் பட்டத்துக்கு அவற்றைவிடப் பொருத்தமான அக்கம்பக்கம் கிடையாது. அங்கே ஒரு ஆலையில் ஐந்து மாதப் பயிற்சி கிடைத்தபோது, கட்டுப்பாட்டு அறையில் இருந்த மேற்பார்வையாளர் என் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்டதும் தலையாட்டிவிட்டு, எந்தப் பேராசிரியரிடம் படிக்கிறாய் என்று கேட்டார். பேராசிரியரை அவருக்கு நேரடியாகத் தெரிந்திருந்தது. பெரியப்பாவுக்குத் தெரியாத பெயர் லோய்னாவில் தெரிந்திருந்தது. என் சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போடப் போகிறவர் லோய்னாக்காரர்தான். ஆனால் அடுத்த கேள்வியை அவர் ஜெர்மனில் கேட்டார், நான் விழித்தேன். பாதுகாப்பு விதிகள், பணி அனுமதிச் சீட்டு, இரவு முறையில் எழுதும் பதிவேடு எல்லாம் ஜெர்மனில் இருக்கும் இடத்தில் ஆங்கிலம் மட்டும் தெரிந்த பொறியாளரை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? 2025 மார்ச்சில் ஆய்வேட்டைக் கொடுத்தேன். வேலை தேட அனுமதிக்கும் பதினெட்டு மாதங்களில் முதல் ஏழு மாதங்களை ஜெர்மனில் மேல் இடைநிலையான பி2 படிப்பதிலும் நிராகரிப்புக் கடிதங்களைப் படிப்பதிலும் கழித்தேன். அக்டோபரில் சுமார் நூறு பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தில் இடம் கிடைத்தது. பட்டதாரிகளான வெளிநாட்டவர் தங்கி வேலை செய்வதற்கான அனுமதியான புளூ கார்டு, புதிதாகப் பட்டம் பெற்றவர்களுக்குக் கிடைக்க அந்த ஆண்டு 43,759.80 யூரோ ஆண்டுச் சம்பளம் தேவை. அதைக் கொஞ்சம் தாண்டியிருந்தது.

இன்னொரு தவறான கணக்கும் போட்டிருந்தேன். நான் போவதற்குச் சில மாதங்கள் முன்பு, மாக்டபர்க்கில் ஒரு பெரிய அமெரிக்கச் சில்லு நிறுவனம் ஆலை கட்டப் போகிறது என்று அறிவித்திருந்தார்கள். ஊரே மாறிவிடும், ஆயிரக்கணக்கில் வேலை வரும் என்று அதை என் டைரியின் வலப்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். 2024 செப்டம்பரில் அதைத் தள்ளிவைத்தார்கள். 2025 ஜூலையில் கைவிட்டார்கள். வரப்போகிற தொழிற்சாலையை நம்பி ஊரைத் தேர்ந்தெடுப்பது எங்கள் பக்கத்திலும் பலர் செய்து பார்த்ததுதான்.

என் கல்லூரித் தோழி ஒருத்தி, நான் வேண்டாம் என்ற அதே இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். அண்ணா நகரில் அவர்களுக்கு இரண்டு கடைகள் உண்டு, கடன் வாங்கவில்லை. நன்றாகப் படித்தாள், இரண்டு ஆண்டுகள் அங்கே தங்கி வேலையும் பார்த்தாள். ஆனால் திறன்பணியாளர் விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பை 2024 ஏப்ரலில் 26,200 பவுண்டிலிருந்து 38,700 ஆக உயர்த்தியதும், புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு அதில் சலுகை இருந்தபோதிலும், அவளுக்கு ஸ்பான்சர் செய்ய அவள் நிறுவனம் தயங்கியது. திரும்பி வந்துவிட்டாள். வந்த இரண்டு மாதத்தில் சென்னையில் ஒரு ஆலோசனை நிறுவனத்தில் நல்ல வேலையில் சேர்ந்தாள். நேர்காணலில் முதல் ஐந்து நிமிடமும் அவள் படித்த பல்கலைக்கழகத்தைப் பற்றியே பேசினார்களாம். என் பட்டத்தை எடுத்துக்கொண்டு நான் சென்னைக்குப் போனால் அந்த ஐந்து நிமிடம் எனக்குக் கிடைக்காது. அவள் முடிவு அவள் வீட்டுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. எந்த ஊரில் வேலை பார்க்கப் போகிறோம் என்பது ஓரளவு தெரிந்திருந்தால், எந்தப் பெயருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதும் தெரியும். அது தெரியாதவர்கள்தாம் எல்லா ஊரிலும் செல்லும் பெயருக்காக எல்லாவற்றையும் கொடுக்கிறார்கள். இப்போது இங்கிலாந்தில் படித்த பிறகு தங்கி வேலை தேடும் அந்த இரண்டு ஆண்டுக் காலத்தையும், 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் முதுகலை மாணவர்களுக்குப் பதினெட்டு மாதமாகக் குறைத்திருக்கிறார்கள்.

ஜெர்மனிக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்குச் சின்னதாகத் தோன்றும் ஒரு காரியத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஏமாந்தவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். நம் மதிப்பெண்ணை அவர்கள் தங்கள் அளவுக்கு மாற்றிக்கொள்கிறார்கள்: அதிகபட்சப் புள்ளியிலிருந்து நாம் வாங்கிய புள்ளியைக் கழித்து, அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுவார்கள். அங்கே எண் குறைந்தால்தான் உயர்வு. என் சி.ஜி.பி.ஏ. 7.8. தேர்ச்சிப் புள்ளி 5 என்றால் எனக்கு 2.32 வரும்; அதையே 6 என்று எடுத்துக்கொண்டால் 2.65 ஆகிவிடும். பல முதுகலைப் படிப்புகளின் எல்லைக்கோடு 2.5. ஒரே மதிப்பெண் பட்டியல், தேர்ச்சிப் புள்ளி எது என்ற ஒற்றை வரியைப் பொறுத்து உள்ளேயும் போகும், வெளியேயும் போகும். கல்லூரித் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்து, தேர்ச்சிப் புள்ளியையும் பாடமொழி ஆங்கிலம் என்பதையும் முத்திரையோடு எழுதி வாங்கியது நான் செய்த உருப்படியான வேலைகளில் ஒன்று. விடைபெற்ற பிறகு அந்தக் கடிதத்துக்காகத் திரும்பி வருவது கடினம். கடைசி செமஸ்டரிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது, பெரியப்பாவின் பேரன் மடிக்கணினியோடு வந்தான். அவனுக்கும் இரண்டு இடங்கள். ஒன்று மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து புதிதாகச் சேரும் முதுகலை மாணவர்களுக்கு 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து அங்கே செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை கட்டணம். மற்றொன்று கிழக்கே ஒரு சிறிய நகரத்தில், கட்டணம் இல்லை. பெரியப்பாவும் கூட வந்திருந்தார். இம்முறை அவருக்கு மியூனிக் தெரிந்திருந்தது. யூரோ நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட பிறகு போடும் கணக்கு என்பதால் எண்கள் எல்லாமே என் காலத்தைவிடத் தடிமனாக இருந்தன. நான் அவனிடம் ஜெர்மன் எந்த அளவு என்று கேட்டேன். வகுப்பில் சேரப் போகிறேன் என்றான். அப்பா உள்ளே போய்ப் புது வருட டைரியை எடுத்து வந்து, நடுவே கோடு போட்டார். எழுதுவதற்கு முன் மூடியைக் கழற்றிய பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே பெரியப்பாவைப் பார்த்து, "அண்ணே, ஒங்க வீட்டுப் பத்திரம் இப்ப யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டார்.